உள்கோட்டைக் கழித்தால் போதுமா? சுற்றளவுப் பயிற்சித் தாள்கள் பற்றி ஒரு விமர்சனம்

சென்ற தவணைத் தாள்களைத் திருத்தியபோது ஒரே விடை திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: 36 செ.மீ. கேள்வி ரொம்பச் சாதாரணமானது. பக்கம் 6 செ.மீ. உள்ள ஒரு சதுரம். அதன் மேல்பக்கத்தை ஒட்டி, பக்கம் 6 செ.மீ. உள்ள ஒரு சமபக்க முக்கோணம். சின்னப் பிள்ளைகள் வரையும் வீடு மாதிரி ஒரு படம். மொத்த வடிவத்தின் சுற்றளவைக் கேட்டிருந்தேன். விடை 30 செ.மீ. வெளியே தெரியும் பக்கங்கள் 5, ஒவ்வொன்றும் 6.

42 என்று எழுதியவர்களும் இருந்தார்கள். சதுரத்துக்கு 24, முக்கோணத்துக்கு 18, இரண்டையும் கூட்டிவிட்டார்கள். இது எல்லா ஆசிரியரும் எதிர்பார்க்கிற தவறு. ஆனால் என்னை உறுத்தியது 36தான். அதை எழுதியவர்கள் பாடத்தைக் கவனிக்காத மாணவர்கள் இல்லை. நான் சொன்னதை அப்படியே செய்தவர்கள். "உள்ள இருக்கிற கோட்டைச் சேர்க்கக் கூடாது, கழிச்சிடணும்" என்று வெண்பலகையில் சிவப்பு மைக்கோலால் எழுதிப் போட்டது நான். கழித்தார்கள். 42 − 6 = 36. மறுநாள் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், நடுக்கோடு ஒன்னுதானே இருக்கு? ஒரு தடவதானே கழிக்கணும்?"

நியாயமான கேள்வி. படத்தில் கோடு ஒன்றுதான். ஆனால் கூட்டலில் அது இரண்டு முறை வந்திருக்கிறது. சதுரத்தின் 24க்குள் ஒரு 6, முக்கோணத்தின் 18க்குள் இன்னொரு 6. இதை நான் சொன்னதே இல்லை. நான் பயன்படுத்திய எந்தப் பயிற்சித் தாளும் சொல்லவில்லை. அன்று இரவு என்னிடம் சேர்ந்திருந்த தாள்களை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். வாட்சாப் குழுக்களில் வந்தவை, டெலிகிராமில் இறக்கியவை, கடையில் வாங்கிய பயிற்சி நூல்கள், நானே அவசரத்தில் தயாரித்தவை. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. யார் தயாரித்தது என்பது இங்கே முக்கியமில்லை. என் தாள்களும் அந்தக் குவியலில்தான் இருந்தன.

முதலில் கண்ணில் படுவது மேலே உள்ள பெட்டி. ஏறக்குறைய எல்லாத் தாளிலும் இருக்கிறது. செவ்வகத்தின் சுற்றளவு = 2 × (நீளம் + அகலம்). சதுரத்தின் சுற்றளவு = 4 × பக்கம். சமபக்க முக்கோணம் = 3 × பக்கம். சில தாள்களில் ஐங்கோணம், அறுகோணம் வரை போகிறது. பல தாள்களில் அதே பெட்டியில், அதே எழுத்தளவில், பரப்பளவு = நீளம் × அகலம் என்பதும் பக்கத்திலேயே இருக்கிறது.

சுற்றளவுக்கு உண்மையில் சூத்திரம் தேவையில்லை. நேர்க்கோடுகளால் ஆன எந்த வடிவமானாலும் வேலை ஒன்றுதான்: ஓரத்தைச் சுற்றி வா, நடந்த தூரத்தைக் கூட்டு. ஒரே வேலைக்கு ஐந்து பெயர் கொடுத்து ஐந்து வாய்பாடாக மனனம் செய்ய வைக்கிறோம். விளைவு என்ன? கொஞ்சம் கோணலாக ஒரு நாற்கரத்தை வரைந்து நான்கு பக்கமும் அளவு கொடுத்துக் கேட்டால், "டீச்சர், இதுக்கு ஃபார்முலா சொல்லித் தரலையே" என்கிறான் ஒருவன். நான்கு எண்களைக் கூட்டத் தெரியாதவன் இல்லை அவன். கூட்டலாம் என்ற அனுமதியை அந்தப் பெட்டி அவனிடமிருந்து பறித்துவிட்டது.

சூத்திரமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. செவ்வகத்துக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். தேர்வு நேரத்தில் தடுமாறும் மாணவர்களுக்கு ஒரு பிடிப்பு என்று சக ஆசிரியர்கள் சொல்வதும் உண்மை. ஆனால் பத்துச் செவ்வகத்தைச் சுற்றி வந்து கூட்டிய பிறகு, "எப்பவும் ரெண்டு ரெண்டா வருதே" என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் அது. நம் தாள்கள் அதை முதல் வரியிலேயே கொடுத்துவிடுகின்றன.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. வெளியே தெரியவும் தெரியாது, ஏனென்றால் இதில் மாணவர்கள் முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். படத்தில் எல்லாப் பக்கத்துக்கும் எண் கொடுக்கப்பட்டிருக்கும். எல் வடிவம் என்றால் ஆறு பக்கத்துக்கும் ஆறு எண். மாணவன் படத்தைப் பார்க்கவே வேண்டாம். கண்ணில் படும் எண்களைக் கூட்டினால் சரி. அப்படி இருபது கணக்கு செய்து இருபதும் சரியாக வந்தால் அவன் கற்றுக்கொண்டது என்ன? "சுற்றளவு என்றால் தாளில் உள்ள எண்களைக் கூட்டுவது." சுற்றளவுக்கு இப்படி ஒரு வரையறையை நாம் எங்கேயும் எழுதவில்லை, ஆனால் நன்றாகக் கற்பித்துவிட்டோம்.

இதைச் சோதிப்பது சுலபம். அடிப்பக்கம் 12 செ.மீ., இடப்பக்கம் 8 செ.மீ. உள்ள ஒரு செவ்வகம். அதன் வலது மேல் மூலையில் அகலம் 5, உயரம் 3 உள்ள ஒரு சின்னச் செவ்வகத்தை வெட்டி எடுத்துவிட்டோம். மிஞ்சுவது எல் வடிவம். இதில் 12, 8, மேல்பக்கம் 7, உள்ளே இறங்கும் 3 என நான்கு எண்களை மட்டும் எழுதிக் கொடுங்கள். 30 என்ற விடை வரும். 12 + 8 + 7 + 3. எழுதாத இரண்டு பக்கத்தின் மேல் எறும்பு நடக்கவே இல்லை. அவை 5ம் 5ம், சேர்த்தால் 40.

இப்போது முழுச் செவ்வகத்தின் சுற்றளவைப் பாருங்கள்: 12 + 8 + 12 + 8 = 40. மூலையை வெட்டிய பிறகும் அதே 40! வெட்டியதால் பரப்பு 96இலிருந்து 81 ஆகக் குறைந்தது. சுற்றளவு கொஞ்சமும் குறையவில்லை. வெட்டுப்பட்ட இரண்டு ஓரங்களுக்குப் பதிலாக அதே நீளத்தில் இரண்டு புது ஓரங்கள் உள்ளே வந்துவிட்டன. அப்படியானால் அந்தக் கேள்விக்கு நான்கு எண்கூட வேண்டாம், 12ம் 8ம் மட்டுமே போதும். இதை வகுப்பில் காட்டினால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். தாளை வெட்டி நூலைச் சுற்றி அளக்கட்டும். அடுத்ததாக, மூலையில் வெட்டாமல் மேல்பக்கத்தின் நடுவில் அகலம் 4, ஆழம் 3 உள்ள ஒரு பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். பரப்பு குறையும். சுற்றளவோ 46 ஆகக் கூடும், பள்ளத்தின் இரண்டு சுவரும் புதிதாகச் சேர்வதால். என் குவியலில் இருந்த எந்தத் தாளும் இந்த இரண்டு கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவில்லை. வைத்திருந்தால் பாதிப் பாடம் அதிலேயே முடிந்திருக்கும்.

கட்டத்தாளில் வரும் கேள்விகளில் வேறு ஒரு வம்பு. நீளம் 5 கட்டம், அகலம் 3 கட்டம் உள்ள செவ்வகத்தின் சுற்றளவு 16 அலகு. பிள்ளைகள் 12 என்கிறார்கள். ஓரத்தில் உள்ள கட்டங்களை எண்ணுகிறார்கள், கட்டத்தின் விளிம்பை அல்ல. மூலைக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் வெளியே இரண்டு விளிம்பு உண்டு. கட்டமாக எண்ணினால் ஒன்றாகத்தான் வரும். நான்கு மூலை, நான்கு குறைந்தது. "கட்டங்களை எண்ணிச் சுற்றளவைக் காண்க" என்று கட்டளை எழுதிய தாளைப் பார்த்தேன். கட்டத்தை எண்ணினால் கிடைப்பது பரப்பளவு. அந்தத் தாளில் தவறு செய்தது மாணவன் இல்லை.

பிரச்சனைக் கணக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முத்து தோட்டத்துக்கு வேலி போடுகிறார், மாலா படத்துக்குச் சட்டம் போடுகிறாள். வேலியில் வாசல் இருக்காது, ஒரு பக்கம் சுவர் இருக்காது. யு.பி.எஸ்.ஆர். 2021இல் ரத்தானது, யு.ஏ.எஸ்.ஏ. வந்தது. முத்து இன்னும் அதே வேலியைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இத்தனைக்கும் சுற்றளவு என்ற சொல் எவ்வளவு நல்ல சொல்! சுற்றி வந்தால் வரும் அளவு. ஆங்கிலத்தில் பெரிமீட்டர் என்ற சொல்லும் கிரேக்கத்தில் இதே பொருளில்தான் பிறந்தது, சுற்றி அளப்பது. ஆனால் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு அந்தச் சொல்லுக்குள் சுற்று கேட்காது. நம் பிள்ளைக்குக் கேட்கும். கோயிலைச் சுற்றி வந்தவன், பிரிக்ஃபீல்ட்ஸ் தையல் கடையில் டேப் தன் இடுப்பைச் சுற்றி வந்ததைப் பார்த்தவன். டேப் வயிற்றுக்கு உள்ளே போகவில்லையே! இதைச் சொல்லிவிட்டு வீட்டு வடிவப் படத்தைக் காட்டினால், நடுக்கோட்டை என்ன செய்வது என்ற கேள்வியே எழாது. சுற்றி வருபவன் நடுக்கோட்டை மிதிப்பதே இல்லை. கழிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், பரப்பளவு என்ற சொல்லும் அதே அளவு என்ற வாலோடு முடிகிறது. வேகமாக வாசிக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்று போலத் தெரிகின்றன. பழைய தமிழ்க் கணக்கில் இந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் வட்டத்தின் பரப்பைக் காணும் வழி வருகிறது: சுற்றில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும். அங்கே சுற்றுக்குப் பெயர் வட்டம். பரப்புக்குப் பெயர் குழி. இரண்டு சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பழைய தமிழ் எல்லா இடத்திலும் தெளிவாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. தஞ்சைப் பக்கத்தில் நிலத்தை வேலிக் கணக்கில் சொல்வார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, ஏறக்குறைய 6.6 ஏக்கர். வேலி என்றால் ஓரம். அந்தப் பெயரைத் தூக்கிப் பரப்பின் அளவுக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆக, குழப்பம் நம் மாணவர்களோடு பிறந்ததில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார். மெகலோபோலிஸ் நகரத்தின் சுற்று 50 ஸ்டேடியம், ஸ்பார்ட்டாவின் சுற்று 48. ஆனால் ஸ்பார்ட்டா இரண்டு மடங்கு பெரியது. சொன்னால் யாரும் நம்புவதில்லை என்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம், சிறுவயதில் படித்த வடிவியலை மறந்துவிட்டோம் என்பது. 24 சாத்தே குச்சிகளைக் கொடுத்து வகுப்பில் செவ்வகம் செய்யச் சொன்னால் பொலிபியஸ் சொன்னதைப் பத்து நிமிடத்தில் கண்ணால் பார்க்கலாம். 6க்கு 6 செய்த குழுவுக்கு உள்ளே 36 கட்டம். 11க்கு 1 செய்த குழுவுக்கு 11 கட்டம்தான். குச்சி இரண்டு குழுவுக்கும் 24.

மொழி விஷயத்தில் நமக்கென்று இன்னொரு சுமையும் உண்டு. 2003இல் கணிதம் ஆங்கிலத்துக்கு மாறியது, 2012 முதல் படிப்படியாகத் திரும்பியது, 2016இல் இருமொழித் திட்டமான டி.எல்.பி. வந்தது. இடையில் படித்த பிள்ளைகளில் சிலர் இன்று நம் ஆசிரியர் அறையில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பெரிமீட்டர் என்பதுதான் முதல் சொல்; சுற்றளவு என்பது மொழிபெயர்ப்பு. குறை சொல்லவில்லை, அவர்கள் கற்ற வழி அது. மாணவர்களுக்கோ படிவம் 1இல் இதே பாடம் மலாயில் வரும், பெரிமீட்டரும் லுவாஸும் ஒரே அத்தியாயத்தில். சுற்றி நடந்து கற்ற பிள்ளைக்குப் பெயர் மட்டும்தான் மாறும். பெட்டியை மனனம் செய்த பிள்ளைக்கு எல்லாமே மாறிவிடும், மறுபடியும் முதலிலிருந்து.

தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரே ஒரு பழக்கம் சொல்கிறேன். எண்ணைத் தொடுவதற்கு முன் ஒரு முனையில் புள்ளி வையுங்கள். அங்கே ஓர் எறும்பை நிறுத்துங்கள். ஓரமாகவே நடத்தி, புறப்பட்ட புள்ளிக்கே கொண்டு வாருங்கள். வழியில் எத்தனை முனை திரும்பியது என்று எண்ணுங்கள். ஆறு முனை என்றால் கூட்டலில் ஆறு எண் இருக்க வேண்டும். நான்குதான் இருக்கிறது என்றால் இரண்டு பக்கத்தைத் தேட வேண்டும். ஏழு இருக்கிறது என்றால் எறும்பு எங்கேயோ உள்ளே போய்விட்டது. சூத்திரம் மறந்தாலும் இது மறக்காது.

படிவம் 2க்குப் போனவர்கள் ஓடுதளத்தில் இதையே செய்து பார்க்கலாம். 400 மீட்டர் ஓடுதளம் என்பது ஒரு செவ்வகமும் இரண்டு அரைவட்டமும் இணைந்த வடிவம். நேர்ப்பாதை ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். வளைவின் உள்விளிம்புக்கு ஆரம் 36.50 மீட்டர், ஓடுபவர் விளிம்பின் மேல் கால் வைக்க முடியாது என்பதால் 30 செ.மீ. தள்ளி, 36.80 மீட்டரில் அளக்கிறார்கள். இரண்டு நேர்ப்பாதை 168.78. இரண்டு அரைவட்டமும் சேர்ந்து ஒரு முழு வட்டம், 2 × 3.1416 × 36.80 = 231.22. மொத்தம் 400. அரைவட்டத்தின் சுற்றளவு என்று கேட்டவுடன் விட்டத்தையும் சேர்த்துப் பழகியவர்கள் இங்கே அதைச் சேர்த்தால், ஓட்டக்காரர் திடலின் நடுவே குறுக்கே ஓட வேண்டியிருக்கும்.

36 எழுதிய மாணவிக்கு நான் கடைசியில் ஒரு படம் வரைந்து காட்டினேன். சுபாங் ஜெயாவில் வளரும் பிள்ளைக்கு வரிசை வீட்டை விளக்க வேண்டியதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு விசாரிப்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் அளவு 22க்கு 75, அடிக்கணக்கில். ஒரு மனையின் சுற்று 194 அடி. ஒட்டிய இரண்டு மனைகளை வரைந்து, இரண்டுக்கும் சேர்த்து வெளியே எத்தனை அடி வேலி வேண்டும் என்று கேட்டேன். 194ஐ இரண்டு முறை கூட்டி 388 போட்டாள், நடுச்சுவரின் 75ஐ ஒருமுறை கழித்து 313 என்றாள். "சரி, வெளியே நடந்து பார்" என்றேன். விரலால் நடந்தாள். முன்னால் 44, பக்கம் 75, பின்னால் 44, மறுபக்கம் 75. 238 வந்தது.

கொஞ்ச நேரம் இரண்டு விடையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "சுவர் ஒன்னுதான் டீச்சர், ஆனா ரெண்டு வீட்டுக்காரவங்களும் அத அவங்கவங்க கணக்குல எழுதிட்டாங்க" என்றாள்.

அந்த வாக்கியம் இப்போது என் புதிய தாளின் மேலே, பழைய பெட்டி இருந்த இடத்தில் இருக்கிறது. அதன் கீழே முதல் கேள்வி: ஐந்து மனைகள் ஒட்டி நிற்கின்றன, ஒவ்வொன்றும் 22க்கு 75. ஐந்தையும் சேர்த்துச் சுற்றி வர எத்தனை அடி? இரண்டு வழியில் செய்க: ஒருமுறை நடந்து, ஒருமுறை கழித்து. இரண்டிலும் 370 வராவிட்டால் எந்தச் சுவரை எத்தனை முறை எழுதினோம் என்று படத்தில் குறித்துக் காட்டுக.